ரூபி ஸ்டார்ம் சைட்போர்டு: 15 இடத்துக்கு எந்தக் கார்டு தேறும், எது தேறாது

மெயின் டெக்குக்கு வெளியே வைத்திருக்கும் 15 மாற்றுக் கார்டுதான் சைட்போர்டு. அதில் ஒரு கார்டைச் சேர்ப்பது சுலபம். அது உள்ளே வரும்போது எது வெளியே போகும் என்பதில்தான் காம்போ டெக் (கார்டுகளைக் கோத்து ஒரே டர்னில் வெல்லும் டெக்) ஆடுபவர்கள் கோட்டை விடுகிறார்கள். மேஜிக்: த கேதரிங் கார்டு விளையாட்டின் மாடர்ன் ஃபார்மட்டில், 2024-ல் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 என்ற கார்டுத் தொகுப்பு வந்த பிறகு தலையெடுத்த டெக் ரூபி ஸ்டார்ம். அதன் சைட்போர்டுக்கு எல்லோரும் சொல்லும் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்த மதிப்பீடு இது. தடைப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். கார்டு வாங்கும் முன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மெயின் டெக் இது: ரூபி மெடாலியன் 4, ரால் மான்சூன் மேஜ் 4, டெஸ்பரேட் ரிச்சுவல் 4, பைரெட்டிக் ரிச்சுவல் 4, மேனமார்ஃபோஸ் 4, ரெக்லெஸ் இம்பல்ஸ் 4, ரென்ஸ் ரிசால்வ் 4, கிளிம்ப்ஸ் த இம்பாசிபிள் 3, விஷ் 4, பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் 2, கிரேப்ஷாட் 1, ஆர்ட்டிஸ்ட்ஸ் டேலன்ட் 2, வாலகுட் அவேக்கனிங் 2, நிலம் 18. மொத்தம் 60.

டெக் ஓடும் விதம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். மேனா என்பது கார்டு போடக் கட்டும் விலை, நிலங்கள் அதைத் தரும். ரிச்சுவல் 2 மேனா வாங்கிக்கொண்டு 3 சிவப்பு மேனா தரும். மெடாலியன் மேசையில் இருந்தால் 1 கொடுத்தால் போதும், 3 வரும். இப்படி மேனாவும் ஸ்பெல் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் கிரேப்ஷாட்டில் முடியும். இது ஸ்டார்ம் கார்டு: அந்த டர்னில் முன்பு போட்ட ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் ஒரு காப்பி கிடைக்கும், ஒவ்வொன்றும் 1 அடி. 20 உயிரை ஒரே கிரேப்ஷாட்டில் எடுக்க அது அந்த டர்னின் இருபதாவது ஸ்பெல்லாக இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. ஒன்பதாவது ஸ்பெல்லாக கிரேப்ஷாட், 9 அடி. பத்தாவதாக பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ். பதினொன்றாவதாக கிரேவ்யார்டிலிருந்து (ஆடி முடித்த கார்டுகளின் குவியல்) அதே கிரேப்ஷாட், 11 அடி. கணக்கு தீர்ந்தது. இங்கே வரிசை முக்கியம். பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் ரிசால்வ் ஆகும் (பலிக்கும்) நொடியில் கிரேவ்யார்டில் கிடக்கும் கார்டுக்குத்தான் ஃப்ளாஷ்பேக், அதாவது அங்கிருந்தே மறுபடி போடும் உரிமை, கிடைக்கும். அதற்குப் பிறகு போய் விழுந்தவற்றுக்குக் கிடையாது.

இனி விஷயம். இந்த டெக்கின் சைட்போர்டு இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று எல்லா டெக்கிலும் உள்ளதுதான்: முதல் கேம் முடிந்ததும் கார்டு மாற்றுவது. இன்னொன்று, விஷ் என்ற கார்டுக்குப் பெட்டகமாக இருப்பது. 2021-ல் வந்த இந்த 3 மேனா சார்சரி (நம் டர்னில் மட்டும் போடும் ஸ்பெல்), கேமுக்கு வெளியே இருக்கும் நம் கார்டு ஒன்றை அந்த டர்னிலேயே ஆட விடுகிறது. போட்டியில் 'வெளியே' என்றால் சைட்போர்டுதான். எக்ஸைல் ஆன (ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்ட) கார்டை இதனால் தொட முடியாது. 2009-ல் விதி மாறுவதற்கு முன் பழைய விஷ் கார்டுகளால் அது முடிந்தது, இன்னும் சிலர் அதே நினைப்பில் இருக்கிறார்கள். ஆக, சைட்போர்டில் உள்ள ஒரு கார்டை மெயின் டெக்குக்கு மாற்றினால் விஷ் அதை எடுக்க முடியாது. சைட்போர்டிலேயே விட்டால் கையில் தானாக வந்து சேராது. எதை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சோதனை போதும்: எதிராளி போடும் ஹேட் கார்டு (நம் டெக்கை முடக்கவே வைக்கும் கார்டு) மேசையில் இருக்கும்போது விஷ் வேலை செய்யுமா?

டேம்பிங் ஸ்பியர் இருந்தால் செய்யும், செலவு ஏறும். சாலிஸ் ஆஃப் த வாய்டு 2-ல் நின்றாலும், அதாவது 2 மேனா ஸ்பெல்களை ரத்து செய்தாலும், செய்யும், ஏனென்றால் விஷ் 3 மேனா கார்டு. எந்த ஸ்பெல்லுக்கும் குறைந்தது 3 மேனா கேட்கும் ட்ரினிஸ்பியர், கிரேவ்யார்டை முடக்கும் கிரேஃப்டிக்கர்ஸ் கேஜ், ரெஸ்ட் இன் பீஸ் எதுவும் விஷ்ஷைத் தடுக்காது. டெஃபனிங் சைலன்ஸ் இருந்தால் கதை வேறு. ஒரு டர்னுக்குக் கிரியேச்சர் அல்லாத ஸ்பெல் ஒன்றுதான் போடலாம். அந்த ஒன்றை விஷ் தின்றுவிடும், எடுத்த கார்டை அந்த டர்னில் ஆட முடியாது, அதற்கு அடுத்த டர்னில் அனுமதியும் இருக்காது. ஹை நூன் இருந்தாலும் இதே கதிதான். டிரானித் மாஜிஸ்ட்ரேட் இன்னும் மோசம்: கையைத் தவிர வேறு எங்கிருந்தும் ஸ்பெல் போட விடாது, அதனால் விஷ், ரெக்லெஸ் இம்பல்ஸ், ரென்ஸ் ரிசால்வ், பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் நான்கும் ஒரே அடியில் படுத்துவிடும். இந்த மூன்றுக்குமான பதில் கார்டு கையில் இருந்தே ஆக வேண்டும். மெயினுக்குள் கொண்டுவந்தால்தான் அது நடக்கும். மற்றவற்றுக்கு சைட்போர்டில் ஒரே ஒரு காப்பி விட்டுவைத்து விஷ்ஷை நம்பலாம். கீழே வரும் எல்லாத் தீர்ப்பும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கிறது.

ஓரிம்ஸ் சான்ட்

நான்கு. இதில் பேரம் இல்லை. ஒரு வெள்ளை மேனா இன்ஸ்டன்ட் (யார் டர்னிலும் போடும் ஸ்பெல்). குறி வைத்த ஆட்டக்காரர் அந்த டர்னில் ஸ்பெல் போட முடியாது. நீல டெக்குகள் நம் மீது கொண்டுவருபவை பெரும்பாலும் ஸ்பெல்கள்தான்: ஃபோர்ஸ் ஆஃப் நெகேஷன், ஃப்ளஸ்டர்ஸ்டார்ம், கன்சைன் டு மெமரி. பச்சையில் எண்டியூரன்ஸ், எந்த டெக்கிலும் நுழையும் சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்ஷன். சான்ட் ரிசால்வ் ஆனால் ஐந்தும் கையிலேயே உறங்கும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நம் டர்னில் முதல் ஸ்பெல்லாகப் போட வேண்டும், ரிச்சுவலுக்கும் முன்னால். காரணம் இரண்டு. எதிராளி சான்ட்டை கவுண்டர் (ரத்து) செய்தால் நம் கைநஷ்டம் ஒரு கார்டு, ஒரு மேனா. ரிச்சுவல் எல்லாம் பத்திரம், அடுத்த டர்னில் மறுபடி முயலலாம். இரண்டாவது, ஃப்ளஸ்டர்ஸ்டார்மும் ஸ்டார்ம் கார்டு; அதுவும் அதன் ஒவ்வொரு காப்பியும் 1 மேனா கட்டாவிட்டால் நம் ஸ்பெல்லைக் கவுண்டர் செய்யும். சான்ட் முதல் ஸ்பெல்லாக இருந்தால் ஃப்ளஸ்டர்ஸ்டார்மும் அதன் ஒரு காப்பியும் சேர்த்து 2 மேனாதான் கேட்கும், அதைக் கட்டிவிட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு. ஐந்து ஸ்பெல் போட்ட பிறகு சான்ட்டை எடுத்தால் அதே ஃப்ளஸ்டர்ஸ்டார்ம் 7 மேனா கேட்கும்.

கன்சைன் டு மெமரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டெக்குக்கு அதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. ஒரு நீல மேனாவில் டிரிகர் ஆன (தானாகக் கிளம்பும்) அபிலிட்டி ஒன்றையோ நிறமற்ற ஸ்பெல் ஒன்றையோ கவுண்டர் செய்யும். கிரேப்ஷாட்டின் ஸ்டார்ம் டிரிகரை அடித்தால் மிஞ்சுவது 1 அடி. மெடாலியன் நிறமற்ற கார்டு, அதையும் இரண்டாவது டர்னிலேயே அடிக்கும். சான்ட் வெள்ளை ஸ்பெல், டிரிகரும் இல்லை; கன்சைனால் அதைத் தொடவே முடியாது. எதிராளி கையில் இரண்டு கன்சைன் வைத்துக்கொண்டு சிரித்தாலும் சான்ட் வந்துவிட்டால் அந்த டர்ன் நம்முடையது.

சான்ட் தடுக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சோல்-கைட் லான்டர்ன், ரெலிக் ஆஃப் புரொஜெனிட்டஸ் போன்றவற்றின் அபிலிட்டி ஸ்பெல் இல்லை; பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் போட்டதும் பதிலடியாக கிரேவ்யார்டைத் துடைத்துவிடுவார்கள். போசெய்ஜு நிலத்தின் சேனல் அபிலிட்டியும் அப்படித்தான். எதிராளி லேலைன் ஆஃப் சாங்க்டிட்டி வைத்திருந்தால் சான்ட் அவரைக் குறி வைக்கவே முடியாது.

கிக்கர், அதாவது கூடுதல் பலனுக்குக் கட்டும் கூடுதல் விலை, இன்னொரு வெள்ளை மேனா. வேகமான கிரியேச்சர் டெக்குக்கு எதிராக அவர்களின் அப்கீப்பில் (டர்னின் தொடக்கத்தில்) கிக்கருடன் போட்டால் ஸ்பெல்லும் இல்லை, தாக்குதலும் இல்லை. முழு டர்ன் நமக்கு லாபம். இதே வேலைக்கு சைலன்ஸ் என்ற கார்டையும் சிலர் சொல்வார்கள். அது குறி வைக்காது என்பது ஒரு நன்மை. ஆனாலும் கிக்கர் ஒன்றுக்காகவே சான்ட் முன்னால் நிற்கிறது.

இதன் பலவீனம் நிலத்தில் இருக்கிறது. ஃபெட்ச் நிலங்களையும் (வேறு நிலத்தைத் தேடி எடுப்பவை) சேர்த்து வெள்ளை தரக்கூடியவை 8 மட்டும் இருந்தால், முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர 65 சதவீத வாய்ப்பு. 12 ஆக்கினால் 81 சதவீதம். 8 வைத்துக்கொண்டு நான்கு சான்ட் கொண்டுவருபவர்கள் மூன்றில் ஒரு கையில் சான்ட்டைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். மேனமார்ஃபோஸ் வெள்ளை தரும் என்பது உண்மை, ஆனால் அதற்குள் ஒரு ஸ்பெல் போட்டாகிவிட்டது. 'முதல் ஸ்பெல்' என்ற விதி போச்சு.

வேர் // டேர்

2013-ல் வந்த ஸ்ப்ளிட் கார்டு. வேர் பகுதி 2 மேனாவில் ஆர்ட்டிஃபாக்ட்டை உடைக்கும், டேர் பகுதி ஒரு வெள்ளை மேனாவில் என்சான்ட்மென்ட்டை உடைக்கும். தமிழில் எழுதினால் மரத்தின் வேரும் திருவிழாத் தேரும் மாதிரி இருக்கிறது, போகட்டும். மூன்று காப்பி தேவை. மூன்றும் தேவைப்படும் மேட்ச்சில் மெயினுக்குள் வர வேண்டும், விஷ்ஷை நம்பி வெளியே விடக் கூடாது.

ஏன் என்பதை டேம்பிங் ஸ்பியரை வைத்துக் கணக்குப் போட்டால் புரியும். ஸ்பியர் இருக்கும்போது ஒரு டர்னில் முதல் ஸ்பெல் வழக்கமான விலை, இரண்டாவது 1 கூடுதல், மூன்றாவது 2 கூடுதல். நம்மிடம் ஒரு மெடாலியன் இருக்கிறது. வேர் கையில் இருந்தால் எதிராளியின் எண்ட் ஸ்டெப்பில் (டர்ன் முடியும்போது) போடலாம். அது நம் முதல் ஸ்பெல், மெடாலியன் குறைத்து 1 மேனா. நம் டர்ன் சுத்தமாகத் தொடங்கும். அதே வேர் சைட்போர்டில் இருந்தால் நம் டர்னில் விஷ்ஷுக்கு 2, வேருக்கு மெடாலியன் ஒன்றைக் குறைக்க ஸ்பியர் ஒன்றைக் கூட்ட 2, ஆக மொத்தம் 4 மேனா. மூன்றாவது டர்னில் மூன்று நிலத்தோடு நிற்பவருக்கு 1-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு முழு டர்ன் இருக்கிறது.

டெஃபனிங் சைலன்ஸுக்கும் ஹை நூனுக்கும் டேர் அதே மாதிரி எதிராளியின் டர்னிலேயே பதில் சொல்லிவிடும். நம் டர்னில் சார்சரியால் உடைத்தாலும் தடை அப்போதே விலகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மேனா நம் காம்போ டர்னின் கணக்கிலிருந்து போகிறது.

இரண்டு நுணுக்கம். ஃப்யூஸ், அதாவது இரண்டு பகுதியையும் சேர்த்துப் போடுவது, கையிலிருந்து மட்டும்தான். விஷ் வழியாக ஆடும்போது ஒரு பகுதிதான் கிடைக்கும். அடுத்தது, சாலிஸ் 2-ல் நிற்கும்போது வேர் மட்டும் போட்டால் அது 2 மேனா ஸ்பெல், கவுண்டர் ஆகிவிடும். ஃப்யூஸ் செய்தால் அதன் மேனா மதிப்பு 3, சாலிஸ் கண்டுகொள்ளாது. ஆனால் ஃப்யூஸுக்கு ஓர் என்சான்ட்மென்ட் குறி கட்டாயம். எதிராளியிடம் இல்லையென்றால் நம் ஆர்ட்டிஸ்ட்ஸ் டேலன்ட்டையே பலி கொடுக்க வேண்டியதுதான். சாலிஸை உடைக்க அது மலிவான விலை.

பிரிஸ்மாட்டிக் எண்டிங்

இரண்டு. கிரியேச்சர், ஆர்ட்டிஃபாக்ட், என்சான்ட்மென்ட் எது வந்தாலும் எக்ஸைல் செய்யும், செலவழித்த மேனாவில் எத்தனை நிறமோ அந்த மதிப்பு வரை. மாஜிஸ்ட்ரேட்டுக்கும் டெஃபனிங் சைலன்ஸுக்கும் ஒரே கார்டில் பதில் இருப்பது அபூர்வம். சாலிஸ் மேசையில் இருக்கும்போது அதன் மேனா மதிப்பு 0. எனவே எக்ஸ் (நாமே தேர்ந்தெடுக்கும் கூடுதல் மேனா) 0 வைத்து ஒரே ஒரு வெள்ளை மேனாவில் அதை அனுப்பிவிடலாம். சாலிஸ் 1-ல் நின்றால் எக்ஸ் 1 வையுங்கள், 2-ல் நின்றால் எக்ஸ் 0 வையுங்கள். எண்டிங்கின் மதிப்பை நாமே தேர்ந்தெடுப்பதால் சாலிஸ் இதைப் பிடிப்பது கடினம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளும் விழுவார்கள். ரால் மேசையில் இருக்கும்போது நம் இன்ஸ்டன்ட், சார்சரி எல்லாம் 1 குறையும். இரண்டு மேனா மாஜிஸ்ட்ரேட்டை அனுப்ப எக்ஸ் 1 என்று அறிவித்தால் செலவு ஒரு பொது மேனாவும் ஒரு வெள்ளையும். ரால் பொது மேனாவைக் கழித்துவிடுவார். மிஞ்சுவது வெள்ளை மட்டும், ஒரே நிறம், மாஜிஸ்ட்ரேட் அசையாமல் நிற்பார். குறைப்பை வேண்டாம் என்று சொல்ல விதியில் இடமில்லை. ரால் இருந்தால் எக்ஸ் 2 என்று அறிவித்து, கழிந்தது போக ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கட்ட வேண்டும். மெடாலியன் சிவப்பு ஸ்பெல்களை மட்டும் குறைக்கும், இந்தச் சிக்கலுக்கு அது காரணமாகாது. டேலன்ட் இரண்டாம் நிலைக்கு ஏறியிருந்தால் ராலைப் போலவே இதையும் கெடுக்கும்.

மெல்ட்டவுன், பிரதர்ஹுட்ஸ் எண்ட்

இரண்டிலும் ஒவ்வொன்று போதும். விஷ் எடுத்துவரக் காத்திருக்கும் கார்டுகள் இவை.

மெல்ட்டவுன் எக்ஸ் 0 வைத்தால் ஒரு சிவப்பு மேனா; சாலிஸ் போய்விடும், நம் மெடாலியன் அப்படியே இருக்கும். எக்ஸ் 1-க்கு கேஜ் போகும். எக்ஸ் 2-க்கு டேம்பிங் ஸ்பியர் போகும், கூடவே நம் மெடாலியனும் போகும். ஆகவே ஸ்பியருக்கு இது கடைசி வழி. ஆர்ட்டிஃபாக்ட்டை நம்பி ஓடும் டெக்குக்கு எதிராக மட்டும் இதை மெயினுக்குக் கொண்டுவரலாம், அப்போதும் மெடாலியனைப் போடும் முன் வெடிக்க வைத்துவிடுவது நல்லது.

பிரதர்ஹுட்ஸ் எண்ட் 3 மேனா. ஒரு முகத்தில் எல்லாக் கிரியேச்சருக்கும் பிளேன்ஸ்வாக்கருக்கும் 3 அடி, இன்னொரு முகத்தில் 3 அல்லது அதற்குக் குறைந்த மதிப்புள்ள ஆர்ட்டிஃபாக்ட் எல்லாம் உடையும். ட்ரினிஸ்பியரையும் இது எடுக்கும் என்பதுதான் மெல்ட்டவுனுக்கு மேலான பயன். ட்ரினிஸ்பியர் இருக்கும்போது ரிச்சுவலுக்கே 3 மேனா, திரும்ப வருவதும் 3, வண்டி நகராது. ரால் 1/3 (தாக்கும் வலு 1, தாங்கும் வலு 3) என்பதை மறக்க வேண்டாம், முதல் முகத்தைப் போட்டால் அவரும் போவார். மாஜிஸ்ட்ரேட்டும் 1/3 என்பதால் அவரைக் கொண்டுவரும் டெக் என்று தெரிந்தால் இந்த ஒரு காப்பியை மெயினுக்கு மாற்றிவிட வேண்டும். அவர் நிற்கும்போது விஷ் இதை எடுத்துத் தர முடியாது.

எம்ப்டி த வாரன்ஸ்

ஒன்று. 2006-ல் வந்த பழைய கார்டு, இன்னும் சோறு போடுகிறது. இதன் மதிப்பை ஒரு கையை வைத்தே பார்க்கலாம். மூன்றாவது டர்ன், மூன்று நிலம், மேசையில் ஒரு மெடாலியன், கையில் பைரெட்டிக், டெஸ்பரேட், விஷ். பைரெட்டிக்குக்கு 1 கட்டினால் மேனா 5 ஆகும். டெஸ்பரேட்டுக்கு 1 கட்டினால் 7. விஷ்ஷுக்கு 2 போனால் 5 மிச்சம். விஷ் எம்ப்டியை எடுத்தால் அதற்கு 3. அது நான்காவது ஸ்பெல், 8 காப்ளின். மாறாக விஷ் பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸை எடுத்தால் அதற்கு 3 போக 2 மிச்சம்; பைரெட்டிக் மறுபடி, மேனா 4; டெஸ்பரேட் மறுபடி, 6; விஷ் மறுபடி, 4; அது எம்ப்டியை எடுத்து 3 கட்டினால் எட்டாவது ஸ்பெல், 16 காப்ளின். கைநிறைய ஒன்றுமில்லாத மூன்று கார்டு இவ்வளவு செய்கிறது. அதே இடத்தில் கிரேப்ஷாட் எடுத்தால் வெறும் 8 அடி.

இந்த வித்தியாசம் எதிராளியின் கிரேவ்யார்டு ஹேட்டைப் பொறுத்தது. லேலைன் ஆஃப் த வாய்டு அல்லது ரெஸ்ட் இன் பீஸ் மேசையில் இருந்தால் இரண்டாவது வழி அடைபடும், 8 காப்ளினோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பல கேமில் அந்த எட்டே போதும். எதிராளியிடம் லேலைன் ஆஃப் சாங்க்டிட்டி இருந்தாலும் எம்ப்டிதான் வழி, அது யாரையும் குறி வைப்பதில்லை. குறை என்னவென்றால் காப்ளின் தாக்க ஒரு டர்ன் காத்திருக்க வேண்டும், அதற்குள் ஒரு ஸ்வீப்பர் (எல்லாக் கிரியேச்சரையும் அழிக்கும் கார்டு) வந்தால் எல்லாம் சாம்பல். கன்சைன் டிரிகரை அடித்தால் மிஞ்சுவது 2 காப்ளின்.

இரண்டாவது கிரேப்ஷாட்டும் மூன்றாவது பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸும் சைட்போர்டில் ஒவ்வொன்று இருக்க வேண்டும் என்பதில் விவாதம் இல்லை. சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்ஷன் கிரேவ்யார்டு, கை, லைப்ரரி மூன்றையும் துழாவும், சைட்போர்டை எட்டாது. மெயின் கிரேப்ஷாட் பறிபோனாலும் ஒன்று பத்திரமாக இருக்கும். இவை இரண்டையும் எந்த மேட்ச்சிலும் மெயினுக்கு மாற்றாதீர்கள்.

தேறாதவை

டிஃபென்ஸ் கிரிட்: எதிராளியின் ஸ்பெல்கள் நம் டர்னில் 3 மேனா கூடுதல். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிறமற்ற 2 மேனா கார்டு, மெடாலியன் குறைக்காது, கன்சைன் இதையும் அடிக்கும். கன்சைன் வராத நீல டெக்குக்கு எதிராக மட்டும் பயன்படும். அங்கும் சான்ட்டே போதும்.

வெக்ஸிங் பாபிள் இதைவிட மேல். மேனா கட்டாமல் போடும் ஸ்பெல்லைக் கவுண்டர் செய்வதால் இலவச ஃபோர்ஸ் ஆஃப் நெகேஷன், கார்டை எக்ஸைல் செய்து எவோக் ஆகும் எண்டியூரன்ஸ், உயிர் கொடுத்துப் போடும் சர்ஜிக்கல் மூன்றும் தடைபடும். 1 மேனா, வேண்டாதபோது பலி கொடுத்து ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். சான்ட் நான்கும் வைத்த பிறகு இடம் மிஞ்சினால் ஒன்றோ இரண்டோ வைக்கலாம். கன்சைனுக்கு இதுவும் தப்பாது.

லேலைன் ஆஃப் சாங்க்டிட்டியை நம் பக்கம் வைப்பது தாட்சீஸ் (நம் கையிலிருந்து கார்டைப் பறிக்கும் ஸ்பெல்) டெக்குகளுக்கு எதிராக ஆசை காட்டும். நான்கு காப்பி வைத்தாலும் முதல் ஏழில் ஒன்று வர 40 சதவீதம்தான். பின்னால் வந்தால் 4 மேனா, அதில் 2 வெள்ளை. போடவே முடியாத கார்டு. நான்கு இடத்தை இதற்குக் கொடுத்தால் விஷ் பெட்டகம் காலியாகிவிடும். வேண்டாம்.

ப்ளட் மூன் நம் வெள்ளை நிலத்தையும் மலையாக்கிவிடும். சான்ட் வைத்த சைட்போர்டில் ப்ளட் மூன் வைப்பவர் தன் காலைத் தானே வாருகிறார்.

வெளியே போவது எது

2013 முதல் ஒன்றுக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்ற விதி இல்லை. மெயின் 60-க்குக் குறையாமல், சைட்போர்டு 15-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். அதை நம்பி 62 கார்டோடு ஆட உட்காராதீர்கள். ரிச்சுவல் வரும் விகிதம் குறையும்.

ரிச்சுவல் எட்டையும் தொடக் கூடாது. மேனமார்ஃபோஸையும் தொடக் கூடாது. கார்டு இழப்பில்லாமல் எண்ணிக்கையை ஏற்றுவதும், ப்ளட் மூன் நடுவில் வெள்ளை தருவதும் அதுதான். விஷ் நான்கும் இருக்கட்டும், மாஜிஸ்ட்ரேட்டோ டெஃபனிங் சைலன்ஸோ நான்கு காப்பி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒன்றைக் குறைக்கலாம். முதலில் வெளியே போக வேண்டியது கிளிம்ப்ஸ் த இம்பாசிபிள். 3 மேனா, அந்த டர்னிலேயே ஆடியாக வேண்டும், எதிராளி தொல்லை கொடுக்கும் கேமில் அது பாரம். அடுத்து ஆர்ட்டிஸ்ட்ஸ் டேலன்ட். கிரேவ்யார்டு ஹேட் வரும் மேட்ச்சில் மெயின் பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸில் ஒன்று.

நீல டெக்குக்கு எதிராக: சான்ட் 4 உள்ளே, கிளிம்ப்ஸ் 3-ம் டேலன்ட் 1-ம் வெளியே. ராலில் கை வைக்காதீர்கள். மெடாலியனை அடிக்கும் கன்சைன் சிவப்பான ராலை அடிக்காது. கிரியேச்சரைக் கொல்லும் கார்டு நிறைந்த டெக்குக்கு எதிராக இதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்: ரால் இரண்டு வெளியே போகலாம். வெள்ளை ஹேட் டெக்குக்கு வேர் // டேர் 3, எண்டிங் 2 உள்ளே. கிளிம்ப்ஸ் 3, டேலன்ட் 2 வெளியே. டேலன்ட் போய்விட்டால் மேலே சொன்ன ஃப்யூஸ் தந்திரத்துக்கு நம்மிடம் என்சான்ட்மென்ட் இருக்காது, ஆனால் அந்த டெக்கிலேயே உடைக்க வேண்டிய என்சான்ட்மென்ட் இருக்கும். ஐந்துக்கு மேல் மாற்றினால் டெக் வேகம் இழக்கும். நான்காவது டர்னுக்குள் முடிக்க வேண்டிய டெக், கை நிறைய பதில் கார்டோடு ஆறாவது டர்ன் வரை உட்கார்ந்திருக்கும்; அதற்குள் எதிராளியின் இரண்டாவது ஹேட் கார்டு வந்துவிடும்.

மூன்று வேர் // டேர் கொண்டுவந்தால் முதல் ஏழில் ஒன்றாவது வர 32 சதவீதம், இரண்டாவதாக ஆடும்போது எட்டு கார்டில் 35. குறைவாகத் தெரியும். ஆனால் எதிராளியின் ஹேட் கார்டுக்கும் இதே கணக்குதான், அவரிடம் நான்கு இருந்தாலும் ஏழில் 40-தான். வராத ஹேட்டுக்குப் பயந்து மல்லிகன் எடுப்பதைவிட (கையைத் திருப்பிப் போட்டு வேறு கை எடுப்பதைவிட), வேகமான ஏழை வைத்துக்கொண்டு அடிப்பது பல சமயம் சரி. பதில் கார்டு ஒன்று, மெடாலியன் அல்லது ரால் ஒன்று, கார்டு எடுத்துத் தரும் ஸ்பெல் ஒன்று, நிலம் இரண்டு. மீதி எதுவானாலும் வைத்துக்கொள்ளலாம். பதில் கார்டு மூன்று, ரிச்சுவல் பூஜ்யம் என்ற கையைத் திருப்பிப் போடுங்கள்.

15 இப்போது எங்கே நிற்கிறது: சான்ட் 4, வேர் // டேர் 3, எண்டிங் 2, மெல்ட்டவுன், பிரதர்ஹுட்ஸ் எண்ட், எம்ப்டி, கிரேப்ஷாட், பாஸ்ட் இன் ஃப்ளேம்ஸ் ஒவ்வொன்று. 14. பதினைந்தாவது இடத்தில் நீல டெக்குகள் அதிகம் வரும் போட்டியானால் பாபிள், கிரியேச்சர் ஹேட் அதிகமானால் இரண்டாவது பிரதர்ஹுட்ஸ் எண்ட். அப்போது ஒன்று மெயினுக்கு வரும், ஒன்று விஷ்ஷுக்கு மிஞ்சும்.

கையாளும் விதம் பற்றி ஒரு சொல். விஷ் டெக்கில் சைட்போர்டு கார்டு கேமுக்குள் வந்து போகும், கேம் முடிந்ததும் கிரேவ்யார்டோடு சேர்த்து ஷஃபிள் செய்துவிடுவது மிகச் சுலபம். அடுத்த மேட்ச்சின் முதல் கேமுக்குப் பதிவு செய்த பட்டியல்படி 60-ம் 15-ம் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. ஒவ்வொரு கேமுக்குப் பிறகும் 15-ஐ எண்ணுங்கள். ஸ்லீவ் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து ஒரே நாளில் மாற்றியதாக இருக்கட்டும். தேயாத புது ஸ்லீவில் இருக்கும் நான்கு சான்ட் டெக்கின் நடுவில் பளிச்சென்று தெரிந்தால் அது அடையாளமிட்ட கார்டு ஆகிவிடும். கேம் நடுவே சொந்த சைட்போர்டைப் பார்க்க விதியில் அனுமதி உண்டு, மற்ற கார்டுகளோடு கலக்காமல் பார்த்தால் சரி. விஷ் போட்ட பிறகு எடுத்துப் புரட்டி யோசிப்பதைவிட அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்: போன கேமில் மெயினுக்கு மாற்றிய பிரதர்ஹுட்ஸ் எண்டைத் தேடி ரிச்சுவல் எல்லாவற்றையும் எரித்துவிட்டு நிற்பது இந்த டெக்கில் அடிக்கடி நடக்கிற தவறு.